பாதிக் கொய்யா

நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கிய எழிலனை யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் வயிற்றுக்குள் விதை தேடும் கருவி நிறுத்தியது.

"தம்பி, கொய்யாப்பழம் சாப்பிட்டனீங்களோ?" என்று சுங்கத்துறைப் பெண் அதிகாரி கேட்டார்.

"பாதிதாங்க சாப்பிட்டேன்." மீதியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

"இந்தியக் கொய்யா இஞ்சை முளைச்சால் எங்கட தோட்டக்காரர் சண்டைக்கு வருவினம். விதை வெளியில வருமட்டும் உள்ளதான் இருக்கோணும். ரெண்டு நாள்."

"நாளைக்குக் காலையில எனக்குக் கல்யாணம் மேடம்!"

"அப்ப பசியோட எல்லோ வந்திருக்கோணும்?"

மீதிப் பழத்தை மேசைமேல் ஒரு தட்டில் வைத்துவிட்டு, அவனைக் கண்ணாடி அறைக்குள் பூட்டினார்.

மறுநாள் முகூர்த்த நேரத்துக்கு மணப்பெண் தர்மிகா கூறைச் சேலையோடு அங்கே வந்து நின்றாள். பின்னால் தாலிக்கொடித் தட்டோடு ஐயர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழிலன் தலைகுனிந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். பழத்தை எடுத்து ஒரு கடி கடித்தாள். கருவி அலறியது.

"என்ன பிள்ளை செய்தனீர்!"

"நானும் விதையை விழுங்கிட்டன் அக்கா. கதவைத் திறவுங்கோ."

சட்டப்படி அவளையும் உள்ளே விடத்தான் வேண்டியிருந்தது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி பூட்டப் போனபோது ஐயர் அவரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, அந்தப் பழத்தில எனக்கும் ஒரு துண்டு கிடைக்குமோ?"