தலைப்பாகைக் கொள்ளுத்தாத்தா

"தொடாதீங்க! நூறு வருஷத்துப் பெட்டி. உங்க வீட்ல இதையெல்லாம் எங்க பாத்திருக்கப் போறீங்க?"

பெண் கொடுக்க வந்த என் கையைத் தட்டிவிடாத குறைதான். மாப்பிள்ளையின் அம்மாவாம்!

மரப்பெட்டியின் மூடியில், விரிசல் விட்ட வார்னிஷுக்கு அடியில், தலைப்பாகைக்காரர் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா. ஊரே நடுங்குமாம். எங்க தகுதிக்கு உங்க சம்பந்தம் எறக்கந்தான். பையன் ஆசைப்பட்டுட்டான், என்ன பண்றது?"

டீ ஆறிப்போயிற்று, அவள் பீற்றல் ஆறவில்லை.

அவள் கணவர் காகித நாப்கின் பாக்கெட்டோடு வந்தார். "துடைச்சுக்குங்க. இவ ஒண்ணுதான் எடுத்தா, மிச்சமெல்லாம் சும்மாத்தான் கெடக்கு."

வாயைத் துடைத்துவிட்டு நாப்கினில் அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்தேன். அதே தலைப்பாகை, அதே மீசை. பெட்டியில் வெட்டி ஒட்டியதுபோக மீதி!

"ஐயய்யோ சம்பந்தி, உங்க கொள்ளுத்தாத்தா மேலேயே வாயைத் தொடச்சுட்டேனே!"

அவள் பெட்டியைச் சட்டென்று முந்தானையால் மூடினாள். கணவரோ பாக்கெட்டை நீட்டினார்.

"பரவால்லம்மா, இன்னொருத்தர எடுத்துக்குங்க."