கடல் பார்த்த அறை

ஓடைக்கரை நண்டு செம்பன் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ரிசார்ட் கடற்கரைக்கு வந்தது. எங்கு பார்த்தாலும் மனிதக் கால்கள்.

“கடல் பார்த்த அறை நமக்குத்தான்!” என்று தண்ணீர் ஓரமாகவே வளை தோண்டியது. அலை வந்து மூடியது. செம்பன் அசரவில்லை, இன்னும் ஆழமாகத் தோண்டியது. மறுபடியும் அலை மூடியது.

“அப்பா, ஆட வாங்கப்பா!” என்று நுரையில் உருண்டபடி குஞ்சுகள் கத்தின.

“அறை முடியட்டும், வர்றேன்!”

பொழுது சாய்ந்தபோதுதான் வளை இடியாமல் நின்றது. “எல்லாரும் வந்து கடலைப் பாருங்க!” என்று செம்பன் பெருமையாகக் கூப்பிட்டது.

“நாங்க ஆடியே முடிச்சிட்டோம்ப்பா,” என்று கடைக்குட்டி கொட்டாவி விட்டது. “கடல்தான் வற்றி அவ்வளவு தூரம் போயிடுச்சே.”

செம்பன் எட்டிப் பார்த்தது. பிறகு கொடுக்கை நிமிர்த்திச் சொன்னது: “பார்த்தியா? என்னைக் கண்டு பயந்து ஓடிடுச்சு!”