பஷீர் அண்ணனின் குறட்டை

மாரத்தானின் பத்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் காதில் மாட்டியிருந்த இயர்போனில் கணவனின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“பத்து முடிஞ்சுது! அசத்துற. தண்ணிய மடமடன்னு குடிக்காத, கொஞ்சம் கொஞ்சமா குடி.”

பின்னால் ஒரு குறட்டை.

பஷீர் அண்ணன்தான். சவூதியில், தம்மாமில் அவனோடு ஒரே அறையில் இருப்பவர். படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார்.

அவள் இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓடினாள். இங்கே ஐந்தே கால். அங்கே இன்னும் மூன்றுகூட ஆகியிருக்காது. பாவம், மனுஷன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

மார்பில் குத்தியிருந்த எண் அட்டைக்குப் பின்னால் ஒரு சிப். சாலையில் விரித்திருக்கும் பாயை அவள் மிதித்தால் போதும், எங்கே ஓடுகிறாள் என்று கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும்.

“லீவு சொல்லிட்டேன். நீ முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்று சொல்லியிருந்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோகிறவன். ஒரு காலைப்பொழுது முழுக்க அவன் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவை. உண்மையில், அதற்காகத்தான் ஓடினாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேறென்ன பைத்தியமா?

பயிற்சி அட்டவணையும் அவன் போட்டதுதான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். எந்த நாள் எவ்வளவு தூரம், எத்தனை முட்டை, எப்போது புது ஷூ. பந்தயத்தன்று நாலு மணிக்குக் கிளம்பினால் பத்தாவது கிலோமீட்டர் எத்தனை மணிக்கு, இருபத்தொன்று எத்தனை மணிக்கு, முடிப்பது ஒன்பதே கால். அட்டவணை போடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

இருபத்தொன்றில் சொல்லிவைத்தாற்போல் மறுபடி வந்தான்.

“பாதி முடிஞ்சுது, கண்ணு!”

கண்ணு. நேரில்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

விடிந்தது. கடல் பக்கமிருந்து வெயில் ஏறியது. இருபத்தெட்டில் வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது.

ஒரு பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்தாள். காலைத் தொட்டாலே உயிர் போயிற்று. வலியில் அழுகை வந்தது. வரட்டும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

“முப்பது! நான்தான் சொன்னேனே, உன்னால முடியும்னு!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். முப்பதுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.

கம்ப்யூட்டர் எதையோ தப்பாகக் காட்டியிருக்கிறது. செய்யாத வேலைக்குச் சபாஷ் வாங்கியதுபோல் கூச்சமாக இருந்தது. அதை உண்மையாக்கிவிடலாம் என்று எழுந்து நொண்டினாள்.

முப்பதாவது பலகை கண்ணில் படுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

“முப்பத்தஞ்சு! இப்பதான் கால் இழுக்கும். பயப்படாத. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

அதே குறட்டை. நீளமாக ஒன்று, நடுவில் ஒரு செருமல், பிறகு குட்டையாக ஒன்று.

நின்றுவிட்டாள்.

பத்தாவது கிலோமீட்டரில் கேட்டதை மறுபடி போட்டுக் கேட்டாள். அதே நீளம், அதே செருமல், அதே ராத்திரி. எல்லாவற்றையும் ஒரே உட்காரலில், பஷீர் அண்ணன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே பேசி வைத்திருக்கிறான். அட்டவணையில் உள்ள நேரத்தைக் குறித்துவிட்டால் போன் தானாக அனுப்பிவிடும். அவள் அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்தே அப்படித்தான் போகும். அதை அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான்.

கூப்பிட்டுப் பார்த்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.

அவன் வேலைபார்க்கும் பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். லீவு கிடைத்திருக்காது. அதைச் சொல்ல மனம் வந்திருக்காது.

கோபம் வந்திருந்தால் தேவலை. வரவில்லை.

முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஏறிக்கிறீங்களாக்கா?”

ஏறினாலும் தெரியப்போவதில்லை. ஓடினாலும் தெரியப்போவதில்லை.

“இல்லம்மா, நீங்க போங்க.”

முப்பத்து நாலு தாண்டி நொண்டிக்கொண்டிருந்தபோது மணி ஒன்பதே கால் ஆயிற்று.

“முடிச்சுட்ட! ஐயோ, முடிச்சுட்டடி!” அவன் குரல் உடைந்தது. “மெடலோட ஒரு போட்டோ அனுப்பு.”

காதிலிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டாள். அப்புறம் அவள் மூச்சும் ஷூவின் சத்தமும்தான். வழியெல்லாம் காலி தண்ணீர்க் கோப்பைகள். கைதட்ட நின்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

முடித்தபோது மணி பத்து முப்பத்தேழு.

போட்டோ அனுப்பினாள். சாப்பாட்டு நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

“அஞ்சே கால் மணி நேரம்! கண்ண இமைக்காம பாத்தேன், தெரியுமா?”

அவளுடைய பந்தய எண்ணைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் போதும், ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆனது தெரிந்திருக்கும்.

“தெரியும்” என்றாள். “கேட்டுக்கிட்டேதான் ஓடினேன். நீங்க சாப்டீங்களா?”

மறுநாள் காலை பால் வாங்கக் கிளம்பினாள். மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்ததும் தொடை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கீழே பதினாறு படிகள். யாரையாவது கூப்பிடலாமா என்று பார்த்தாள். எதிர்வீடு பூட்டியிருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது.

“இன்னைக்குத் தொடை ரொம்ப வலிக்கும். படி இறங்கும்போது நேரா இறங்காத. பக்கவாட்டுல திரும்பி, ஒவ்வொண்ணா இறங்கு. என்ன?”

பின்னால் நீளமாக ஒரு குறட்டை. ஒரு செருமல். குட்டையாக ஒன்று.

“சரி” என்றாள்.

பக்கவாட்டில் திரும்பி, ஒரு படி இறங்கினாள்.