தரிசு

மருதனார்மடச் சந்திக்கு அப்பால், நேற்று அவசரமாக உழுத செம்மண்ணில் காலை வெயில் விழுகிறது. தோட்டக் காணியென்றால் வீடு கட்டத் துண்டு பிரிக்க அனுமதி கிடைக்காது. பார்வையிட வந்திருக்கும் பிரதேச சபை உத்தியோகத்தர் புதிய எல்லைக்கல்லில் கைவைத்துக் கேட்கிறார், “இதிலை தோட்டம் செய்யிறேல்லையோ அண்ணை?” “இல்லைத் தம்பி, கனகாலமாத் தரிசுதான்,” என்கிறார் காணிக்காரர் குணரத்தினம். காற்றில் பச்சை வெங்காயத்தாளின் மணம் நிற்கிறது. உத்தியோகத்தர் உழவுக்குள் இறங்கி நடக்கிறார். அவருடைய சப்பாத்தில் தட்டுப்பட்டு ஒரு வெங்காயம் மண்ணைவிட்டு உருளுகிறது. குணரத்தினம் அதைக் காணாதவர்போல் சட்டென்று வேலிப் பக்கம் பார்க்கிறார். பின்னால் வந்துகொண்டிருந்த அவருடைய மனைவி சிவகௌரியோ குனிந்து அதை எடுக்கிறாள். மண்ணை உதறி, சருகை உரித்து, நாளாந்தம் செய்வதுபோல் மடியில் போடுகிறாள். பிறகுதான் இரண்டு ஆண்களும் தன்னைப் பார்ப்பது தெரிகிறது. அவளுடைய கை மடிக்குள்ளேயே நின்றுவிடுகிறது.