நாலு வெள்ளைப் பக்கம்

“எவனோ உன் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான்” என்றார் புருஷோத்தமன். “அவன்லாம் உருப்படுவானா?”

விளம்பரத்தைப் பார்த்து வந்த ரூமானா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மேஜைமேல் அவளுடைய போர்ட்ஃபோலியோ திறந்து கிடந்தது. அவர் அதை ஆல்பம் என்றுதான் சொல்வார். டிசைன் படித்த பிள்ளைகள் தாங்கள் செய்த வேலையையெல்லாம் அதில் அடுக்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்துத்தான் வேலை. மார்க் ஷீட்டை எவனும் சீந்துவதில்லை.

முதல் பத்துப் பக்கம் வகுப்பில் வரைந்தது. அடுத்த நாலும் வெறும் வெள்ளை. அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘இன்டர்ன்ஷிப்பில் செய்தது. வெளியில் காட்ட அனுமதி இல்லை.’

முதலில் பார்த்தபோது அவருக்குச் சிரிப்புதான் வந்தது. சண்டே மார்க்கெட் பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து சோப்பு விற்றவர். இன்று மிஷன் வீதியில் கீழே சோப்புக் கடை, மேலே ஆபீஸ். வெள்ளைத்தாளைக் காட்டிச் சம்பளம் கேட்ட ஆளை இதுவரை பார்த்ததில்லை. கிடைத்த பிடியை விடுவாரா? பதினெட்டாயிரம் என்று விளம்பரம் கொடுத்திருந்தவர் பன்னிரண்டுக்கு இறங்கினார். பத்துப் பக்கத்துக்கு அதுவே ஜாஸ்தி என்றார்.

ரூமானா பேரம் பேசவில்லை. அந்த நாலையும் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள். கழற்றிவிட்டால், பயிற்சிக் காலம் ஆறு மாசமும் வீட்டில் தூங்கினாயா என்கிறார்களாம். வைத்திருந்தால், காலியாக இருக்கிறதே என்கிறார்களாம். ஏழு இடம் ஏறி இறங்கியாயிற்று. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: கடைக்குப் போன சரக்குக்கு நீ செய்த வேலை எங்கே?

“ஆறு மாசத்துக்கு என்னா குடுத்தான்?”

“ஒண்ணும் இல்ல சார். சர்ட்டிபிகேட்தான்.”

காலேஜிலேயே உட்கார்ந்து செய்து அனுப்பச் சொன்னார்களாம். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் சர்ட்டிபிகேட். சர்ட்டிபிகேட் இருந்தால்தான் டிகிரி. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அங்கேதான் புருஷோத்தமனுக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வயசில் அவரும் ஒருத்தனிடம் சோப்பு காய்ச்சினார். அவன் அவருடைய சேர்மானத்தைக் கற்றுக்கொண்டு, மறுநாளே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

“உழைப்பையும் உருவிக்கிட்டு வாயையும் தெச்சி அனுப்பிருக்கான் பாரு. பேரைச் சொல்லும்மா. இந்த ஊர்க்காரன்தானே? நானே போய்க் கேக்கறேன்.”

“பேரும் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்கு சார்.”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். காகிதத்தைக் குடு, நான் படிச்சிக்கறேன்.”

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மாணவி செய்தது எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம். எங்கும், எப்போதும், யாருக்கும் காட்டக் கூடாது. ஓட்டை உடைசல் இல்லாமல் எழுதியிருந்தான். கெட்டிக்காரப் பய என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே அடிக்குப் போனார்.

அடியில் ஒரு சீல். இந்தக் கடையின் சீல். அதன்மேல் பச்சை மையில் அவருடைய கையெழுத்து.

நினைவுக்கு வந்தது. டப்பாவுக்குப் படம் போட ஆர்ட்டிஸ்டுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும், காலேஜ் பசங்க சும்மாவே செய்வாங்க என்று மேனேஜர் தமிழ்மாறன் யோசனை சொன்னான். அப்புறம் எவனும் உரிமை கொண்டாடாதபடி எழுதி வாங்கச் சொன்னது அவர்தான். கீழே கடையில் டூரிஸ்டுகள் டப்பா அழகுக்காகவே அள்ளிக்கொண்டு போகும் சோப்பு நாலு வகை.

புருஷோத்தமன் தொண்டையைக் கனைத்தார். பதினெட்டாயிரமே தருவதாகச் சொன்னார். நாளைக்கே வந்து சேரலாம் என்றார்.

“நான் வேலை கேட்டு வரல சார்” என்றாள் ரூமானா. ஒரு பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். “இதெல்லாம் இவ செஞ்சது, யாருக்கு வேணா காட்டலாம்னு அடியில எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”