ஜனாதிபதிக்கு வயது எழுபத்து மூன்று

"சித்தப்பா, உங்க வயசு எழுபத்து மூணுன்னு கோர்ட்டுல ஒரே ஒரு தடவை சொல்லிட்டா போதும். அப்பா உங்களைத் தலையில வச்சுத் தாங்குவாரு."

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற கறுப்புக் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான் செஜ்ரோ. ஜனாதிபதி ஜின்சுவின் மூத்த மகன் அவன். எதிரே பாயில் உட்கார்ந்து சோளக் களியை மீன் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தவர் சாக்போ. ஜனாதிபதியோடு ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்த தம்பி.

"எனக்கு எழுபத்தாறுடா," என்றார் சாக்போ. "எனக்கு முன்னால வெளிய வந்தவன் என்னைவிட மூணு வருஷம் சின்னவனா? இந்தக் கணக்கை உங்கப்பனுக்கு எந்த வாத்தியார் சொல்லிக் குடுத்தான்?"

செஜ்ரோ சிரிக்கவில்லை. நாடே இதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

ஜின்சுவால் முடியாதது என்று அந்தக் குடியரசில் அநேகமாக எதுவும் இல்லை. மந்திரிகளை ஒரு வானொலி அறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பலாம், சட்டசபையைக் கலைக்கலாம், தூக்குத் தண்டனையை ரத்துசெய்யலாம். இரண்டு தடவைக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியைப் போன தேர்தலுக்கு முன்பே தூக்கி எறிந்தாகிவிட்டது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர் நிற்கக் கூடாது என்ற விதியை எடுக்கத்தான் சட்டசபையில் போதுமான கைகள் உயரவில்லை. விதி அசையாவிட்டால் என்ன, வயது அசையாதா? புதிய பிறப்புச் சான்றிதழ் வந்தது, அதில் ஜனாதிபதி மூன்று வருடம் இளையவராகியிருந்தார்.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஜின்சு என்று பெயர் வைத்தால் இரட்டையில் முதலில் வந்தவன் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பின்னாலேயே ஒரு சாக்போ வந்திருக்க வேண்டும். அந்தச் சாக்போவோ காயல்கரைச் சாராயக் கடையில் உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் தன் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர்க்கட்சி வக்கீல் சும்மா விடுவாரா? நாளை மறுநாள் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் சாக்போதான் சாட்சி. நீதிபதிகள் எல்லாரும் ஜின்சு நியமித்தவர்கள்தான். இருந்தாலும் கூடப் பிறந்தவனே கூண்டில் ஏறிச் சொன்னால், அவர்களாலும் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

சாக்போ ஒன்றும் பயமில்லாதவர் அல்ல. இதே வழக்கில் சாட்சி சொல்லச் சம்மதித்த பள்ளித் தோழர் ஒருவர் போன மாதம் காயலில் பிணமாக மிதந்தார். நீச்சல் தெரியாமல் மூழ்கிவிட்டார் என்றது போலீஸ். பிறந்ததிலிருந்து படகிலேயே பிழைத்த மனிதர் அவர். அதிலிருந்து சாக்போவுக்குச் சரியான தூக்கமில்லை. காயலில் இறங்கிக் குளிப்பதைக்கூட விட்டுவிட்டார்.

ஆச்சரியம், செஜ்ரோ மிரட்டவே இல்லை. அப்பாவுக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை என்றான். திடீர் திடீரென்று உங்கள் பெயரைச் சொல்லி அழுகிறார் என்றான். சின்ன வயதுக் கதைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பேசப் பேச அவனுக்கே குரல் கம்மியது.

எட்டு வருடமாகச் சாக்போ அண்ணனின் முகத்தைப் பண நோட்டில் பார்ப்பதோடு சரி. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பேருக்கும் கஷாயம் புகட்டுவாள் அம்மா. ஒருவனுக்குப் புதுச்சட்டை என்றால் இன்னொருவனுக்கும் உண்டு. அப்படி வளர்ந்தவர்கள் ஒரு நாற்காலிக்காக இப்படி ஆகிவிட்டோமே என்று அவருக்குத் துக்கமாக இருந்தது. பொய் சொல்வது பாவம்தான். அண்ணன் அழுவதைக் கேட்டுக்கொண்டு கல்லாய் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய பாவமாகப் பட்டது.

"சரிடா," என்றார். "எழுபத்து மூணு. என் வாயால அவன் கெட வேண்டாம். சொல்லிடறேன்."

செஜ்ரோ நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்ப கிளம்புங்க சித்தப்பா. கோர்ட்டுக்குப் போற வரைக்கும் மாளிகையிலயே இருந்துக்கலாம். துணிமணி எதுவும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனான்.

சாக்போ உள்ளே போய் நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்தார். அப்போதுதான் அவர் மனைவி ஹுவேஃபா சந்தையிலிருந்து கூடையோடு பின்வாசல் வழியாக வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னாள். கிழவர் தலை தப்பியதே, அது போதும் அவளுக்கு. எழுந்து வந்து, தானே அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டாள்.

"மாளிகைக்குப் போனதும் துக்கம் விசாரிக்க மறந்துடாதீங்க," என்றாள்.

"என்ன துக்கம்?"

"மரம் செதுக்குற அகோசு சந்தையில சொன்னான். போன வாரம் மாளிகை ஆளுங்க வந்து ஒரு இரட்டைப் பொம்மை செஞ்சு வாங்கிட்டுப் போனாங்களாம். இரட்டையில ஒண்ணு செத்துப்போனா, மிஞ்சினவங்க பக்கத்துல வச்சுத் தினமும் சோறு ஊட்டுவாங்கல்ல, அந்தப் பொம்மை. பாவம், அங்க யாரு பெத்த பிள்ளையோ."

வெளியே கார் ஹாரன் அடித்தது. கழுத்துப் பொத்தானில் இருந்த அவள் கையைச் சாக்போ இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாளிகையில் இரட்டையாகப் பிறந்தவர் அவருடைய அண்ணன் ஒருவர்தான்.