நாறின குட்டை

"குட்டைத் தண்ணி இன்னா சாயபுவோட பாட்டன் சொத்தா? ஊரே நாறுது, கேக்க நாதியில்ல!"

ஆதிகேசவன் போட்ட சத்தத்தில் பஞ்சாயத்துக்கு வந்த கூட்டம் கை தட்டியது. ஆதிகேசவன் ஊர் பிரசிடெண்டு. ஜெயித்த நாளிலிருந்து அந்த ஆளுக்கு மெதுவாகப் பேசவே வராது.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு மண் வெட்டின இடத்தில் பெரிய பள்ளம். மழைத் தண்ணீர் நிறைந்து குட்டையாகிவிட்டது. வெயில் வந்தால் ஊரில் பாதி அதில்தான் விழுந்து கிடக்கும்.

போன ஆடியில் தோல் வியாபாரி அப்துல் வஹாப் வண்டி நிறைய ஆட்டுத்தோலைக் கொண்டுவந்து அதில் கொட்டினார். அதன் பிறகும் விடவில்லை, கொட்டிக்கொண்டே இருக்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள்கூட அந்த இடம் வந்தால் மூக்கைப் பொத்துகிறார்கள்.

"தோலு ஊறப் போட இவருக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்றான் துளசிராமன். வேலை வெட்டி கிடையாது. தோல் விழுவதற்கு முன்பெல்லாம் காலையில் குட்டையில் இறங்கினால் பசித்தால்தான் ஏறுவான். ஊருக்கு நஷ்டம் என்று அவன் கண் கலங்கியது பார்க்க வேண்டிய காட்சி!

"அந்தத் தண்ணில கால் வச்சாலே தீட்டு!" என்றார் ஒரு பெரியவர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த ஊர் எமனுக்குப் பயப்படாது. தீட்டு என்றால் மட்டும் நடுங்கும்.

வஹாப் தலை குனிந்து நின்றார்.

"இன்னா சாயபு, வாயில கொழுக்கட்டையா?"

"நீங்க சொல்றது வாஸ்தவம்தான் தலைவரே. நாறத்தான் செய்யுது."

"அப்ப நாளைக்கே எல்லாத்தையும் வாரிக்கினு போ."

"அது மட்டும் முடியாதுங்க."

"கொழுப்பைப் பாத்தீங்களா! டப்பு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது இந்த ஆளுக்கு." ஆதிகேசவன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, கேட்டுக்கோ. வாரலேன்னா ஊர்க் கெணத்துல உனக்குத் தண்ணி கெடையாது. கடையில சாமான் கெடையாது. மூட்டையக் கட்டிக்கினு கெளம்பு."

வீட்டில் வஹாபின் மனைவி சைதா பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. அவளையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் எங்கே போவார்?

அப்படியும் "வாரிக்கொள்கிறேன்" என்று அந்த மனுஷன் வாயிலிருந்து வரவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

எழுந்தது முத்தம்மா. போன கோடையில் அதே குட்டையில் ஒற்றை மகனைப் பறிகொடுத்தவள். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் பிணத்துக்கு முன்னால் பிரசிடெண்டு செய்த பிரசங்கம் இருக்கிறதே, கண்ணீர் வடிக்காத ஆள் இல்லை. ஆகவே அவளை உட்காரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சாயபு தோலைக் கொட்டுறதை எல்லாரும் பாத்தீங்க. திரும்ப எடுத்துக்கினு போறதை யாராச்சும் பாத்தீங்களா?"

முத்தம்மா பிரசிடெண்டு பக்கம் திரும்பினாள்.

"ஊறப் போட்ட தோலை எடுக்காம உடுற யாவாரி எங்கனா உண்டா? அத்தனையும் விக்காத கழிவு. பொன்னேரியிலருந்து வண்டி வச்சிக் கொண்டாந்து கொட்டுறாரு. எம்புள்ளயத் தண்ணியிலருந்து தூக்கியாந்ததே இவருதான். இன்னொரு புள்ள போவக் கூடாது, எதுனா பண்ணு சாயபுன்னு அன்னிக்கு நான்தான் இவரு கால்ல உழுந்தேன்."

ஆதிகேசவன் வஹாபைப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"பயங்காட்டத்தான் கொட்டுறேன்னு தெரிஞ்சா மறுநாளே எறங்கிடுவாங்க தலைவரே."

"அதுக்காக? ஊரை நாறடிக்கிறதா? மரியாதையா வேற வழி ஒண்ணும் தோணலியா உனக்கு?"

முத்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தோணுச்சே! மொதல்ல குட்டையச் சுத்தி முள்ளு வெட்டிப் போட்டாரு. அடுப்பெரிக்க வாரிக்கினு போனீங்க. 'எறங்காதே'ன்னு எழுதிப் பலகை நட்டாரு. அது உங்க ஊட்டு மாட்டுக் கொட்டாயிக்குக் கதவாயிடுச்சி. இந்த நாத்தத்தை மட்டுந்தான்யா உங்களால ஊட்டுக்குத் தூக்கிக்கினு போவ முடியல!"